சரஸ்வதி படத்தடியில் ஒரு ஸ்பனர்

வரப்புக் கட்டவோ வேலி அடைக்கவோ ஆள் வேண்டுமென்றால் இலுப்பைக்கடவையில் இன்றைக்கும், "பிளேன்காரரைக் கூப்பிடுங்கோ" என்றுதான் சொல்வார்கள். வந்து நிற்கிற மனிதருக்கும் விமானத்துக்கும் ஏதாவது தொடர்பு இருக்குமென்று பார்த்தால் தெரியாது. காலில் செருப்பில்லை. தலையில் ஒரு துண்டு, தோளில் மண்வெட்டி. பெயர் காத்தமுத்து. கேலிக்கு வைத்த பட்டப்பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. கூப்பிடுகிறவர்கள் சிரித்துக்கொண்டே கூப்பிடுகிறார்கள், அவரும் சிரித்துக்கொண்டே வருகிறார். அந்தப் பெயர் அவர் நெஞ்சில் எங்கே போய்க் குத்துகிறது என்பது அவருடைய வீட்டுப் படலைக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகள் எரிந்தபோது தாய் தகப்பனோடு மலைநாட்டிலிருந்து வன்னிக்கு ஓடிவந்த பையன் அவர். பிறத்தியார் வயலில் கூலிக்கு நின்று வளர்ந்தார். அதே வயலில் நாற்று நட வந்த செல்லாயியைக் கட்டிக்கொண்டார். காட்டோரத்தில் ஒரு துண்டு நிலத்தை வெட்டித் துப்புரவாக்கிக் குடிசை போட்டார். மகன் கஜேந்திரன், மகள் ஜெயந்தினி. யுத்தம் அவர்களை ஊர் ஊராகத் துரத்திக் கடைசியில் கிழக்குக் கடற்கரை மணலில் கொண்டுபோய் விட்டது. முகாமிலிருந்து மீள்குடியேற்றத்துக்கு லொறியில் வந்து இறங்கியபோது குடிசை இருந்த இடத்தில் எருக்கலை முளைத்திருந்தது. நான்கு பேராகப் போன குடும்பம் மூன்று பேராகத் திரும்பியிருந்தது. கஜேந்திரன் செத்துவிட்டான் என்று யாரும் சொல்லவில்லை. இருக்கிறான் என்றும் யாரும் சொல்லவில்லை. செல்லாயி இன்றுவரை உலையில் அவனுக்கும் சேர்த்தே அரிசி போடுகிறாள்.

மிஞ்சியது ஜெயந்தினி. தகரக் கொட்டகைப் பள்ளிக்கூடத்தில் படித்து உயர்தரம் வரை போனாள். சைக்கிள் செயின் கழன்றால் ஊர்ப் பொடியன்கள் அவளிடம் கொண்டுவருவார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு நாள் கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானையிலிருந்து கடிதம் வந்தது. சின்ன விமானங்களைத் திருத்துகிற ஒரு தொழிற்கூடத்தில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. காத்தமுத்து அன்றைக்கு வயல் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுததைப் பார்த்துச் செல்லாயியும் அழுதாள். யுத்தத்துக்குப் பிறகு அந்த வீட்டில் சந்தோஷத்தில் விழுந்த முதல் கண்ணீர் அதுதான்.

கொழும்புக்குப் போன பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. முதல் லீவில் வந்தவள் சாப்பிட உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"அப்பா, பெரிய மிசின் எல்லாம் அங்க இருக்கு. ஆனா கைச்சாமான் அவையவைக்குச் சொந்தமா இருக்கோணும். பயிற்சி முடியிறதுக்குள்ள வாங்காட்டி இடம் இல்லையாம்."

"அம்மாம் பெரிய பிளேனு வச்சிருக்கான், ஒரு ஸ்பனர் வச்சிருக்க மாட்டானா?" என்றாள் செல்லாயி.

"ஒருத்தரின்ர சாமானை இன்னொருத்தர் தொடக்கூடாதம்மா. வேலை முடியேக்க ஒவ்வொருத்தரும் தன்ர சாமானை எண்ணிப் பார்த்துத்தான் பிளேனை மூடுவினம். ஒரு ஸ்பனர் உள்ளுக்குக் கிடந்து, மேல பறக்கேக்க பிளேனைத் திருப்புற கம்பியில மாட்டினா அவ்வளவுதான்."

செல்லாயி வாயில் கை வைத்துக்கொண்டாள். காத்தமுத்துவோ அடுத்த நாளே மன்னாருக்குப் போய், கடையில் முகம் பார்க்கலாம் போல மினுங்கிய ஒரு ஸ்பனர் தொகுதியோடு வந்து நின்றார். ஜெயந்தினி அதில் ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினாள். மினுக்கம் மீன் செதில் போல உரிந்து வந்தது.

"இந்தச் செதில் இஞ்சினுக்குள்ள விழுந்தா என்ன ஆகும் அப்பா? இது மில்லிமீற்றர் வேற. எங்கட பிளேன் அமெரிக்காக்காரன் செய்தது, எல்லாம் அங்குலக் கணக்கு."

நல்ல சாமானைப் புதிதாக வாங்குவதென்றால் வீட்டுக் கூரையைத்தான் விற்க வேண்டும். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, உருக்கு நல்ல உருக்காக இருக்க வேண்டும், வாய் தேய்ந்திருக்கக் கூடாது என்றாள் மகள். தொழிற்கூடத்தில் கழித்துப் போட்ட போல்ட்டுகள் சிலவற்றைத் தகப்பன் கையில் வைத்தாள்.

"எங்க போனாலும் இதைக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கோ அப்பா. இறுக்கித் தள்ளவும் கூடாது, உள்ளுக்கு நிண்டு ஆடவும் கூடாது. குழந்தையின்ர விரல்ல மோதிரம் போட்ட மாதிரி இருக்கோணும்."

அன்றிலிருந்து தொடங்கியது காத்தமுத்துவின் அலைச்சல். சட்டைப் பையில் அந்தப் போல்ட்டுகள். நடக்கும்போது அவை கிணுகிணுக்கும். கூலி வேலை இல்லாத நாளெல்லாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கராஜ், தண்ணீர்ப் பம்பு திருத்துகிற கொட்டில், பழைய இரும்புக் கடை என்று ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். "என்ன காத்தமுத்து, பிளேன் எப்ப ஓடுது?" என்று ஊர் சிரிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

மன்னாரில் வஸீர் என்பவர் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். புத்தளத்தில் இருபது வருடம் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பியவர். எரிந்த லொறியும் நெளிந்த உழவு இயந்திரமும் அவர் கடை வாசலில் மலையாகக் கிடந்தன. அங்கே ஒரு பெட்டி நிறையப் பழைய இங்கிலாந்து ஸ்பனர்களைக் கண்டு காத்தமுத்து குழந்தைபோலத் துள்ளினார். ரயில் பாதைக்காரர்கள் அந்தக் காலத்தில் பாவித்தவை. உடம்பில் அங்குலக் கணக்கு வெட்டியிருந்தது. போல்ட்டைப் போட்டுப் பார்த்தால், கிணற்றுக்குள் விழுந்த கூழாங்கல் மாதிரி உள்ளே கிடந்து ஆடியது.

"அங்குலந்தானே போட்டிருக்கு?" காத்தமுத்து ஸ்பனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெள்ளக்காரன்ட அங்குலம் வேற, அமெரிக்காக்காரன்ட அங்குலம் வேற போல அண்ணே. நமக்குள்ளயே ஒத்துமை இல்ல, அவனுகளுக்கு எப்புடி இருக்கும்?" வஸீர் சிரித்தார். பிறகு அந்த முகத்தைப் பார்த்தோ என்னவோ சிரிப்பை நிறுத்தினார். "கவலப்படாதீங்க. அந்தா எரிஞ்சு கிடக்கிற சிவப்பு உழவு மிசினப் பாருங்க, அதுல உங்கட போல்ட்டு மாதிரி இருக்கு. அதுக்குரிய சாமான் ஏதாவது இந்தக் குப்பைக்குள்ள இருந்தா அது உங்கட பிள்ளைக்குத்தான். கிண்டுங்க."

காத்தமுத்து கிண்டினார். வாரக் கணக்கில் கிண்டினார். துருவுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, போல்ட்டைப் போட்டுப் பார்த்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சாம்பலால் தேய்த்துக் கழுவினார். செல்லாயி தன் பழைய சேலையொன்றைக் கிழித்து, பை பையாகத் தைத்து, சுருட்டிக் கட்டக்கூடிய துணி உறை ஒன்று செய்தாள். பைகள் நிரம்பிக்கொண்டு வந்தன. எட்டில் மூன்று அங்குல ஸ்பனருக்கான பை மட்டும் வெறுமையாக இருந்தது. ஜெயந்தினி எல்லாவற்றிலும் அதிகமாகப் பாவிப்பது அதைத்தான்.

அது தலைமன்னாரில் கிடைத்தது. யாகப்பர் என்ற வயதான மீனவர் பழைய அமெரிக்க வள்ள இஞ்சின் ஒன்றை வைத்திருந்தார். இஞ்சின் எப்போதோ செத்துவிட்டது. அதோடு வந்த சின்ன ஸ்பனர் மட்டும் எண்ணெய்த் துணியில் சுற்றியபடி புதுக் கருக்கோடு இருந்தது. காத்தமுத்து போல்ட்டைப் போட்டார். ஆடவில்லை. இறுகவில்லை. குழந்தை விரலில் மோதிரம்!

"எவ்வளவுங்க ஐயா?" என்றார்.

"உமக்கென்ன விசரே? செத்த இஞ்சினுக்கு இது என்னத்துக்கு? கொண்டுபோம். மகள் பிளேன்ல எங்கட பக்கமா வந்தா, கீழ பார்த்து ஒருக்காக் கையைக் காட்டச் சொல்லும்."

காத்தமுத்து அந்த மனிதரின் காலில் விழப்போனார். "எழும்பும், எழும்பும், நான் என்ன அந்தோனியாரே?" என்று யாகப்பர் தூக்கிவிட்டார்.

தொழிற்கூடத்தில் அந்தச் சாமான்களைச் சோதித்த மேற்பார்வையாளர், ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, "இதைத் தேடியது யார்?" என்று கேட்டாராம். "அப்பா" என்றாளாம் ஜெயந்தினி. அவர் சிங்களவர், அதிகம் பேசாத மனிதர். "நல்ல அப்பா" என்றாராம். அந்த இரண்டு சொல்லை மகள் போனில் சொன்னபோது காத்தமுத்து போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அவள் வைத்துவிட்ட பிறகும் காதில் பிடித்தபடியே நின்றார்.

இனி வருவதை எழுதத்தான் கை வரவில்லை.

இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு நவராத்திரி. காத்தமுத்துவுக்கு ஒரு மனக்குறை இருந்தது. தோட்டத்தில் அவருடைய தகப்பன் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக்கூடச் சரஸ்வதிக்கு முன்னால் வைத்துச் சந்தனம் பூசாமல் தொடமாட்டார். பூசையில் வைத்த ஆயுதத்தை விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். இடையில் எடுத்தால் அந்தக் கைக்கு ஆகாது. இவ்வளவு அலைந்து சேர்த்த சாமானுக்கு அந்தப் பூசை ஒரு தடவையாவது நடக்க வேண்டாமா? மகளைக் கெஞ்சினார். அவளும் அனுமதி கேட்டு, துணி உறையைத் தூக்கிக்கொண்டு சனிக்கிழமை வந்தாள். தகப்பனின் ஆசைப்படி எல்லாச் சாமானும் படத்தடியில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் அவள் தன் பெயரின் முதலெழுத்தை வெட்டியிருந்தாள். ஆனால் விஜயதசமி செவ்வாய்க்கிழமை. திங்கள் காலை வேலை.

ஞாயிறு காலையில் ஜெயந்தினி சாமான்களை எடுத்து எண்ணிப் பைகளில் செருகி, உறையைச் சுருட்டிக் கட்டிவிட்டுக் குளிக்கப் போனாள். காத்தமுத்து அந்தச் சுருளையே பார்த்துக்கொண்டு நின்றார். பூசை முடியாமல் எடுத்துப் போகிற சாமான். அதுவும் ஆகாயத்தில் பறக்கிறதைத் தொடுகிற சாமான். மெல்லக் கட்டை அவிழ்த்தார். யாகப்பர் தந்த சின்ன ஸ்பனரை மட்டும் உருவிப் பூக்களுக்கு அடியில் வைத்தார். எல்லாவற்றுக்கும் பதிலாக அது ஒன்றாவது அம்மாளிடம் இருக்கட்டும்!

அடுப்படியிலிருந்து செல்லாயி பார்த்துவிட்டாள். "சொல்லிப்புட்டு எடுங்க."

"சொன்னா புள்ள விடுமா? புதன்கிழமை மன்னாரு பஸ்ஸுல குடுத்துவிட்டா, வியாழக்கிழமை அது கையில இருக்கும். அதுக்குள்ள என்னா, பிளேனு உழுந்துருமா?"

அவர் சுருளை மகள் கட்டியது போலவே கட்டினார்.

திங்கட்கிழமை ஜெயந்தினியின் பஸ் பிந்திவிட்டது. ஓடோடிப் போனவள், உறையை அவிழ்த்துப் பார்க்காமலே சாமான் எல்லாம் சரி என்று களஞ்சியத்தில் கையெழுத்து வைத்தாள். தன் கையால் எண்ணிக் கட்டியதுதானே! அன்று முழுவதும் அவளுக்குப் பாகம் கழுவுகிற வேலை. செவ்வாய்க்கிழமை விமானத்தின் இஞ்சினிலும் இறக்கை அடியிலும் வேலை. பின்னேரம் மூடுவதற்கு முன் ஒவ்வொருவரும் தம் சாமானை விரித்தார்கள். ஜெயந்தினியின் துணியில் ஒரு பை வெறுமை.

காலையில் அந்த ஸ்பனரைக் கையிலெடுத்தாளா? எடுத்தது போலவே இருந்தது. தினமும் எடுக்கிற சாமான், எடுக்காத நாளை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? கழற்றிய மூடிகளைத் திரும்பவும் கழற்றினார்கள். இருக்கைகளைத் தூக்கினார்கள். கிடைக்கவில்லை. மேற்பார்வையாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஊருக்குக் கொண்டுபோனாய் அல்லவா? அங்கே விடுபட்டிருக்கும். அப்பாவிடம் கேள். நானும் கேட்கிறேன், போனைச் சத்தமாக வை."

அவர் அவளைக் காப்பாற்றத்தான் கேட்டார். வீட்டில் இருக்கிறது என்ற ஒரு சொல் வந்தால் விமானமும் தப்பும், பிள்ளையும் ஒரு ஏச்சோடு தப்பும்.

இலுப்பைக்கடவையில் போன் அடித்தபோது காத்தமுத்து சந்தனம் பூசிய ஸ்பனரைச் சிவப்புத் துணியில் சுற்றி முடித்திருந்தார். சிரித்த முகத்தோடுதான் போனை எடுத்தார்.

"அப்பா..." மகளின் குரல் அவள் குரலாக இல்லை. "என்ர ஸ்பனர் ஒண்டைக் காணேல்லை. வீட்டில ஏதும் இருக்கா?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் சிங்களத்தில் கேட்டது.

"எத்த கியன்ன. பய வென்ன எபா."

உண்மையைச் சொல்லுங்கள், பயப்பட வேண்டாம்.

தோட்டத்தில் பிறந்த காத்தமுத்துவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். இதே சொற்களை இதே மாதிரிக் கனிவான குரலில் அவர் ஒரு முறை கேட்டிருக்கிறார். சண்டை முடிந்து சனமெல்லாம் இராணுவத்திடம் வெளியே வந்த அந்த நீண்ட வரிசை. இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் உண்மையைச் சொல்லுங்கள், பயப்பட வேண்டாம் என்றார்கள். கஜேந்திரனை இயக்கத்துக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்ப் பதுங்குகுழி வெட்ட வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அவன் தகப்பனைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. காத்தமுத்துதான், "சொல்லுப்பா, உண்மையச் சொன்னா ஒண்ணும் செய்யமாட்டாங்க" என்று அவன் முதுகைத் தொட்டு முன்னுக்கு விட்டார். "ஓம்" என்றான் அவன். ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவனை யாரும் காணவில்லை.

"அப்பா? இருக்கா அப்பா?"

அவர் கையில் சிவப்புத் துணி. மகளின் முதலெழுத்து வெட்டிய இரும்பு. இது இங்கே இருக்கிறது என்று சொன்னால் என்ன சொல்வார்கள்? அவளுடைய சாமான்தான் என்றாலும் களவெடுத்துக் கொண்டுபோனாள் என்பார்கள். இவளையும் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

"இல்ல" என்றார் காத்தமுத்து.

"வடிவாப் பாருங்கோ அப்பா, படத்தடியில..."

"இல்ல புள்ள! எங்க ஊட்டுல ஒண்ணுமே இல்ல. நாங்க ஒண்ணையும் எடுக்கல ஐயா!"

கடைசிச் சொல் மகளுக்குச் சொன்னதல்ல. போனை வைத்தவர் செல்லாயி கூப்பிடக் கூப்பிட நில்லாமல் கடற்கரைப் பக்கம் ஓடினார். தேடி வருவார்கள், வந்தால் வீட்டில் இருக்கக் கூடாது. கண்டல் மரங்களுக்கு அப்பால் சேற்றுக் கடலில், கை கொண்ட மட்டும் வீசி எறிந்தார்.

வெள்ளிக்கிழமை ஜெயந்தினி வந்தாள். கையில் துணி உறை இல்லை. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பியிருந்தார்கள். விமானத்தின் தரையைப் பெயர்த்துத் தேடிவிட்டார்கள், இறக்கையைக் கழற்றிவிட்டார்கள். செல்லாயி போட்ட சோற்றை அவள் தொடவில்லை.

"அம்மா, இடம் போனாப் போகட்டும். அது உள்ளுக்குத்தான் கிடக்குது. கடைசியில இல்லையெண்டு நினைச்சு மூடிப் பறக்க விடப்போகினம். ஒரு நாளைக்கு அது போய்க் கம்பியில மாட்டும். உள்ளுக்கு இருக்கிற ஆக்கள்... நான் சனத்தைக் கொல்லப்போறன் அம்மா!"

தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். காத்தமுத்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். செல்லாயி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை போதும், அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"உள்ளுக்கு இல்ல புள்ள."

அழுகை நின்றது. "என்ன?"

"அது பிளேனுக்குள்ள இல்ல. நான்தான் எடுத்தேன். சரஸ்வதி அம்மாவுக்கு முன்னால வைக்க. அந்த ஆளு கேட்டப்போ... ஒன்னையும் கூட்டிட்டுப் போயிருவாங்கன்னு... கடல்ல எறிஞ்சுட்டேன்."

கோழி ஒன்று ஜெயந்தினியின் சோற்றுக் கோப்பைக்குள் தலையை விட்டது, அவள் விரட்டவில்லை. ஏசுவாள், கத்துவாள் என்று காத்தமுத்து காத்திருந்தார். அவளோ போனைத் தேடினாள்.

"முதல்ல பிளேனைப் பிரிக்கிறதை நிப்பாட்டோணும். அதில ஒண்டும் இல்லையெண்டு சொல்லோணும்."

"நான் பேசுறேன், குடு" என்று அவர் பாய்ந்து போனை வாங்கினார். "நான்தான் செஞ்சேன்னு சொல்றேன். எனக்குச் சிங்களம் தெரியும். குடு புள்ள." மறுபக்கம் மணி அடித்தது. எடுத்தார்கள். "ஹலோ?" என்றது அதே குரல்.

காத்தமுத்துவின் உதடு அசைந்தது. "ஹலோ? யார்?" என்று அந்தக் குரல் இரண்டாம் முறையும் கேட்டது. ஒரு சொல் வரவில்லை. தெரிந்த சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. கண்ணிலிருந்து மட்டும் கொட்டியது.

ஜெயந்தினி அந்தக் கையிலிருந்து போனை மெல்ல எடுத்தாள்.

"சேர், ஜெயந்தினி பேசுறன். விமானத்துக்குள்ள ஒன்றும் இல்லை. ஸ்பனர் வீட்டில்தான் இருந்தது."

"புள்ள, அப்பான்னு சொல்லு! அப்பாதான் செஞ்சாருன்னு உள்ளதச் சொல்லு!" என்று செல்லாயி அவள் தோளை உலுக்கினாள். ஜெயந்தினி தாயின் கையை விலக்கினாள்.

"நான்தான் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன் சேர். பயத்தில் மறைத்தேன். வீட்டாரையும் இல்லை என்று சொல்ல வைத்தேன். பிறகு கடலில் போட்டுவிட்டேன். ஓம் சேர். நான்தான்."

மேற்பார்வையாளர் பேசினார். சிங்களத்தில், ஒவ்வொரு சொல்லாக.

"ஸ்பனர் தொலையலாம் மகள். எனக்கும் தொலைந்திருக்கிறது. கேட்டபோது இல்லை என்று சொன்ன ஆளை நான் எப்படி விமானத்துக்குக் கிட்ட விடுவேன்? நீயே சொல்லு."

"விளங்குது சேர்" என்றாள் அவள்.

அவ்வளவுதான். தகப்பன் வாரக் கணக்கில் துருவைக் கிண்டித் தேடிக்கொடுத்த இடம் அந்த ஒரு சொல்லோடு போய்விட்டது.

மறுநாள் கடல் வற்றுகிற நேரத்தில் காத்தமுத்துவை வீட்டில் காணவில்லை. ஜெயந்தினி கண்டல் மரங்களைத் தாண்டிப் போனாள். தூரத்தில், இடுப்பளவு சேற்றில், குனிந்து இரண்டு கையாலும் துழாவிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கறுப்புச் சேறு.

"அப்பா, ஏறுங்கோ. தண்ணி ஏறப்போகுது."

"இந்தப் பக்கந்தான் எறிஞ்சேன் புள்ள. அந்தா, அந்த மரத்துக்கு நேரா. அம்புட்டுத் தூரம் போயிருக்காது."

"கிடைச்சாலும் உதவாது அப்பா. உப்புக்குள்ள கிடந்த சாமானை அங்க எடுக்கமாட்டினம்."

"ஒதவாட்டிப் போகுது. எடுத்துக் கொண்டுபோய் அவருகிட்ட காட்டுறேன். அவரு கால்ல உழுறேன்."

"அவர் நல்ல மனிசன். கால்ல விழ விடமாட்டார். இடமும் தரமாட்டார்."

அவர் நிமிர்ந்தார். சேறு வடிகிற கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்.

"என்னைய ஏசு புள்ள. ஒரு வார்த்தையாச்சும் ஏசு. அவனையும் நான்தான் அனுப்பினேன். ஒன்னையும் நான்தான்..."

"உங்களை ஏசிப்போட்டு நான் ஆரிட்டைப் போய் அழுறது அப்பா?"

காத்தமுத்து வாய்விட்டு அழுதார். அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினாள். அவர் காட்டிய மரத்துக்கு நேராக, அவருக்குப் பக்கத்தில் குனிந்து கையை விட்டாள். கரையிலிருந்து செல்லாயி கூப்பிட்டுக்கொண்டே நின்றாள். கடல் திரும்பி ஏறி அவர்கள் முழங்கையை மூடும்வரை அந்தத் தகப்பனும் மகளும் துழாவிக்கொண்டே இருந்தார்கள்.